படைவீரர் கலெக்டரானபோது: தாமஸ் மன்றோவும் நிலவரியும்

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியை இழந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்காக வந்தவற்றில் பாராமகாலும் ஒன்று. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளும் சேலத்துச் சீமையும் அப்போது கம்பெனியின் கைக்கு வந்தன. நிலத்தைப் பிடித்தாயிற்று, இனி வரி வசூலிக்க வேண்டும். அதைச் செய்யச் சென்னையில் சிவில் அதிகாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. பெரும்பாலோருக்கு உள்ளூர் மொழி தெரியாது. துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள், சொந்தக் கொடுக்கல் வாங்கலிலும் மூழ்கியிருந்தார்கள். ஆகவே அவர் வழக்கத்தை மீறி ராணுவத்தினரை அனுப்பினார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமை வகிக்க, அவருக்கு உதவியாக மூன்று இளம் ராணுவ அதிகாரிகள் சென்றனர். அவர்களில் ஒருவர் முப்பத்தோரு வயதான தாமஸ் மன்றோ.

அந்த நியமனத்திலிருந்துதான் சென்னை மாகாணத்தின் நில நிர்வாகம் உருவானது என்று சொன்னால் மிகையில்லை. மன்றோ பிற்காலத்தில் மேஜர் ஜெனரல் ஆனார், சர் பட்டம் பெற்றார், சென்னை மாகாணத்தின் கவர்னராக ஏழு ஆண்டுகள் இருந்தார். நம் ஊர்களில் இன்றும் ஜமாபந்தி என்ற ஆண்டு நிலவரிக் கணக்குத் தணிக்கை நடப்பதற்கும், பட்டா என்ற தாள் ஒரு குடும்பத்தின் கௌரவமாக இருப்பதற்கும் அவருடைய வாழ்க்கையோடு நேரடித் தொடர்பு உண்டு. அவரைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக இரு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாராருக்கு அவர் குடியானவர்களின் தந்தை. மற்றொரு சாராருக்குச் சுரண்டலை ஒழுங்குபடுத்திக் கொடுத்த கெட்டிக்காரர். வரி விவகாரத்தில் இரண்டு கேள்விகள் கலந்துகிடக்கின்றன. அரசுக்கு வரியை யார் நேரடியாகக் கட்டுவது என்பது ஒன்று. எவ்வளவு கட்டுவது என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் மன்றோ முழு வெற்றி பெற்றார். இரண்டாவதில் அவர் பெரும்பாலும் தோற்றார், தோற்பதை அறிந்தும் இருந்தார். என் பார்வையில் அவருடைய வாழ்க்கையை விளக்குவது இந்த வேறுபாடுதான்.

மன்றோ 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தந்தை வர்ஜீனியாவோடு புகையிலை வாணிபம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வாணிபத்தை முறித்துப் போட, குடும்பம் நொடித்தது. பல்கலைக்கழகம் வரை படித்த மகன் காலாட்படைப் பயிற்சி வீரனாக 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். சிறுவயது நோயொன்றால் காது சற்று மந்தம். வந்த வருடமே ஐதர் அலி ஆற்காட்டைச் சுற்றிய கர்நாடகச் சமவெளிக்குள் பெரும்படையோடு இறங்கினார். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, சில மைல் தொலைவில் நின்றும் உதவிக்குப் போகாத சர் ஹெக்டர் மன்றோவின் படையில் இந்த இளைஞரும் இருந்தார். பெயர் ஒன்றே தவிர இருவருக்கும் உறவில்லை. அடுத்த ஆண்டு சர் அயர் கூட்டின் தலைமையில் பரங்கிப்பேட்டைப் போரிலும் பங்கெடுத்தார்.

அந்த ஆண்டுகளைப் பற்றித் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு புத்தகமோ தோட்டாப் பையோதான் நெடுநாள் தனக்குத் தலையணையாக இருந்தது என்கிறார். கம்பெனியின் உயர் அதிகாரிகளில் பலர் கோட்டைக்குள்ளிருந்து நாட்டைப் பார்த்தவர்கள். மன்றோ நடந்து பார்த்தவர். சம்பளம் போதாத கீழ்நிலை அதிகாரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கிராமங்களின் ஓரத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்தவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். போர் வந்தால் ஊர்கள் எப்படிக் காலியாகின்றன, தானியம் எங்கே மறைகிறது என்பதெல்லாம் பாராமகாலுக்கு வரும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

பாராமகாலில் ஏழு ஆண்டுகள் இருந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். நிலங்களை அளந்து, தரம் பிரித்து, இடையில் ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல் ஒவ்வொரு பயிரிடுபவரோடும் அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் முறை அங்கேதான் வளர்ந்தது. இதுவே பின்னால் ரயத்துவாரி எனப்பட்டது. இதன் மூலவர் மன்றோ என்று பள்ளிப் பாடங்கள் சொல்லும், ஆனால் தொடக்கம் ரீடினுடையது. நீண்டகாலக் குத்தகையாகக் கொடுக்கலாமா, ஆண்டுதோறும் தீர்வு செய்யலாமா என்று ரீடும் உதவியாளர்களும் பக்கம் பக்கமாக வாதாடிக்கொண்டார்கள். ஆண்டுத் தீர்வை முறையில் குடியானவர் வேண்டாத நிலத்தை விட்டுவிடலாம், வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். மழையை நம்பி வாழும் புஞ்சைக்காட்டுக்கு அது பொருந்திவந்தது. மன்றோ அதைப் படிப்படியாகவே ஏற்றுக்கொண்டார், ஏற்றபின் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மைசூரைப் பிரித்துக்கொடுக்க அமைந்த குழுவுக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்கள். அடுத்துக் கன்னடக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். அந்த இடம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஓயாத மழை, ஒத்துழைக்காத நில உடைமையாளர்கள். ஆனால் அவர் கற்ற மிக முக்கியமான பாடம் அங்கேதான் கிடைத்தது. பாராமகாலில் நிலத்துக்கு விற்பனை மதிப்பு அநேகமாக இல்லை. கன்னடக் கரையிலோ தலைமுறை தலைமுறையாக நிலம் வாங்கப்பட்டது, விற்கப்பட்டது, பத்திரங்கள் இருந்தன. ஐதர் காலத்துக்கு முன் அங்கே வரி லேசாக இருந்தது என்பதே காரணம் என மன்றோ கண்டார். விளைச்சலில் அரசு எடுத்ததுபோக உடையவருக்கு ஏதாவது மிஞ்சினால்தான் நிலம் சொத்தாகும். மிஞ்சாவிட்டால் பட்டாவில் யார் பெயர் இருந்தாலும் அது வேலைச்சுமைதான்.

1800-இல் ஐதராபாத் நிஜாம் கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாகத் தனக்குப் போரில் கிடைத்த பகுதிகளை விட்டுக்கொடுத்தார். பெல்லாரி, கடப்பை, அனந்தபூர் வட்டாரங்கள், அதாவது இன்றைய ராயலசீமையின் பெரும்பகுதி. மன்றோ முதன்மைக் கலெக்டராக அங்கே ஏழு ஆண்டுகள் இருந்தார். ஏறத்தாழ எண்பது பாளையக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் ஆயுதம் தரித்த ஆட்கள், கோட்டை கட்டிய கிராமங்கள். வரி கேட்கப் போனவர் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. அதே காலத்தில் தெற்கே பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் பற்றி எரிந்துகொண்டிருந்தன. கம்பெனி எங்கும் ஒரே நோக்கத்தோடு இருந்தது: ஆயுதமும் வரியும் இனி இரண்டு கைகளில் இருக்கக் கூடாது.

மன்றோவின் வழி கடுமையானது. பாளையக்காரர்கள் செலுத்த வேண்டிய தொகையை உயர்த்தினார், ஆட்களைக் கலைக்கச் சொன்னார், மறுத்தவர்களை ஜெனரல் கேம்பெல்லின் படை விரட்டியது. பலர் பாளையத்தை இழந்து உதவித்தொகை பெறுபவர்களானார்கள். இந்த அவசரத்தை லண்டன் இயக்குநர்களே கண்டித்தார்கள். மன்றோ தன் செயலை நியாயப்படுத்தி விரிவாகப் பதில் எழுதினார். பாளையக்காரர்கள் கிராமங்களைக் கொள்ளையடித்தவர்கள் என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மக்கள் அவர்களிடம் பஞ்சகாலத்தில் ஓடி நின்றதும் உண்மை. அந்தப் புகலிடம் போனபின் குடியானவருக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவே யாருமில்லை. பறிக்கப்பட்ட பாளையங்களின் மனக்குறை நாற்பது ஆண்டுகள் புகைந்து, 1846-இல் உய்யாலவாடா நரசிம்ம ரெட்டியின் கிளர்ச்சியாக வெடித்தது.

பாளையக்காரர்களை அடக்கிய கையோடு நில அளவை தொடங்கியது. 1802 முதல் நான்கைந்து ஆண்டுகளில் அந்தப் பரந்த நாட்டின் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, எண் இடப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டது. அளந்தவர்கள், எழுதியவர்கள், சரிபார்த்தவர்கள் எல்லோரும் இந்தியர்கள். மன்றோ பெரும்பாலும் கூடாரத்திலேயே வாழ்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். குடியானவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வழக்கும் வேண்டுதலும் சொல்வது அன்றாடக் காட்சி. வருவாய் சுமார் 10 லட்சம் வராகனிலிருந்து (வராகன் அக்காலப் பொன் நாணயம்) சுமார் 15 லட்சம் வராகனாக உயர்ந்தது. 1803-இல் மராட்டியரோடு போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லியின் படைக்குத் தானியமும் காளைகளும் இங்கிருந்தே போயின. பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாகப் புகழ்பெற்ற அந்தத் தளபதி, அசாயே போரில் தான் எடுத்த முடிவுகளை மன்றோவுக்கு விளக்கி எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரு கலெக்டருக்கு ஒரு தளபதி போர்க்களக் கணக்குச் சொல்கிறார் என்றால், அவரைத் தம்மைப்போல ஒரு ராணுவ மனிதராகவே கருதினார் என்று பொருள்.

இந்த இடத்தில்தான் ‘எவ்வளவு’ என்ற கேள்வி வருகிறது. மன்றோவின் அளவைப்படி அரசின் பங்கு மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 45 சதவீதம். விதை, ஏர், மாடு, கூலி எல்லாம் மீதியிலிருந்து வர வேண்டும். இது தாங்காது என்று மன்றோவே கண்டார். 1807-இல் ஊர் திரும்புமுன் எழுதிய அறிக்கையில் நில வரி முழுவதையும் 25 சதவீதம் குறைத்து, அரசின் பங்கை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு இன்னும் சலுகை தர வேண்டும் என்று கேட்டார். அப்படிச் செய்தால் நிலம் மறுபடி சொத்தாகும் என்பது கன்னடக் கரையில் அவர் கற்றது. அரசு மறுத்தது. போர்களால் கஜானா வறண்டிருந்தது, உடனடி நஷ்டத்தை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. அவருடைய முறையை வைத்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. 1808-இல் கிராமம் கிராமமாகக் குத்தகைக்கு விட்டார்கள். வரி மட்டும் குறையாமல் அப்படியே நின்றது. எடுத்தவர்கள் பலர் கடனில் மூழ்கினார்கள்.

அவர் வளர்த்த பாராமகாலின் கதி இன்னும் மோசம். வங்காளத்து நிரந்தர ஜமீன்தாரித் தீர்வை சென்னையிலும் புகுத்தச் சொன்னார்கள். ஜமீன்தாரே இல்லாத சேலத்தில் அதற்காக நிலத்தை மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாக வெட்டி ஏலம் போட்டார்கள். ஏலத்தில் கூவியவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே தொகை கட்ட முடியாமல் விழுந்தார்கள், மிட்டாக்கள் திரும்பக் கம்பெனியிடமே வந்தன. ஏழு ஆண்டு உழைப்பில் சேர்ந்த கிராமக் கணக்கு அறிவை ஒரு கொள்கைப் பற்றுக்காகத் தூக்கியெறிந்ததை என்னால் இன்றும் ஆற்றாமையோடுதான் படிக்க முடிகிறது.

மன்றோ இங்கிலாந்தில் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் சாசனம் 1813-இல் புதுப்பிக்கப்பட்டபோது நாடாளுமன்றத்தில் சாட்சியம் சொன்னார். சென்னை வருவாய் வாரியம் ரயத்துவாரியை எதிர்த்தது. அங்கே கற்றறிந்த எதிராளிகள் இருந்தார்கள். திருக்குறளைக் கற்று உரை எழுதிய எல்லீஸ், தொண்டை மண்டலத்து மிராசு என்ற பரம்பரை நில உரிமைகளைத் தோண்டி எடுத்து, நிலம் தனித்தனிக் குடியானவருடையது என்ற எளிய சித்திரம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று காட்டினார். கூட்டுடைமையாகப் பங்குபோட்டு உழுத கிராமங்கள், முறை வைத்து மாறும் கரைகள் என்ற நிலப்பங்குகள், அடிமைப்பட்ட உழவர்கள் என்று அங்கே உலகம் வேறாக இருந்தது. மன்றோவின் அறிவு ராயலசீமையின் புஞ்சையில் விளைந்தது. செங்கல்பட்டு ஏரிப்பாசனத்தையும் காவிரிப் படுகையையும் அதே கண்ணால் பார்த்ததில் பிழை நேர்ந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் லண்டன் மன்றோ பக்கம் சாய்ந்தது. 1818-இல் ரயத்துவாரிக்குத் திரும்ப உத்தரவு வந்தது. எல்லீஸ் அதற்கு அடுத்த ஆண்டே இராமநாதபுரத்தில் இறந்துபோனார்.

இதற்கிடையே மன்றோ 1814-இல் நீதி நிர்வாகச் சீர்திருத்தக் குழுவின் தலைவராகத் திரும்பியிருந்தார். 1816-இல் வந்த சட்டங்கள் கிராமத் தலைவரைச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் முன்சீப் ஆக்கின, பஞ்சாயத்துகளுக்குச் சட்ட இடம் கொடுத்தன. போலீசும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் நீதிபதிகளிடமிருந்து கலெக்டரிடம் வந்தன. பஞ்சாயத்தை மக்கள் அதிகம் நாடவில்லை. நிலைத்து நின்றது கடைசி மாற்றம். வரி விதிப்பவர், வசூலிப்பவர், வசூலில் தகராறு வந்தால் அடக்குபவர், தண்டிப்பவர் எல்லாம் ஒருவரே. மக்கள் ஒரே அதிகாரியிடம் எல்லா முறையீட்டையும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மன்றோ விரும்பினார். தன்னைப்போல ஊர் சுற்றி, மொழி கற்று, மரத்தடியில் வழக்குக் கேட்கும் கலெக்டரை மனத்தில் வைத்து அதை வகுத்தார். எல்லாக் கலெக்டர்களும் மன்றோவாக இருக்கப்போவதில்லை என்ற கேள்விக்கு அந்த அமைப்பில் பதில் இல்லை.

அவருடைய போர்முறையிலும் இதே குணம் தெரிகிறது. 1817-இல் மராட்டியப் போர் வந்ததும் படைத்தலைமை கேட்டார். கிடைத்ததோ ஒரு சிறு படைப்பிரிவு மட்டுமே. பிரிகேடியர் ஜெனரலாகத் தென்மராட்டிய நாட்டுக்குள் நுழைந்தவர், எதிரியின் மாவட்டங்களுக்குத் தன் அமில்தார்களை, அதாவது வரி அதிகாரிகளை, நியமித்தார். உள்ளூரில் திரட்டிய சேவகர்களோடு அவர்கள் போய் வரியை வசூலிக்கத் தொடங்கினார்கள். மராட்டியத் தலைவரான பேஷ்வாவின் கோட்டைகள் நின்றன, கோட்டைக்குப் போக வேண்டிய பணம் நின்றுபோனது. பாதாமி, பெல்காம், சோலாப்பூர் என்று ஒவ்வொன்றாக 1818-இல் வீழ்ந்தன. மால்கம் வியந்து எழுதினார், பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜார்ஜ் கானிங் நாடாளுமன்றத்தில் புகழ்ந்தார். நாட்டை ஆள்வது என்றால் அதன் வரியை எடுப்பது என்பதை இவ்வளவு தெளிவாகச் செயலில் காட்டிய தளபதி வேறொருவர் எனக்குத் தெரியவில்லை.

1820-இல் சென்னையின் கவர்னரானார். தன் பழைய மாவட்டங்களுக்கு 1807-இல் கேட்ட வரிக்குறைப்பை இப்போது தானே கொடுத்தார். பதின்மூன்று ஆண்டு தாமதம். இந்தியர்களைப் பொறுப்பான பதவிகளிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களைத் தாழ்த்துகிறது, ஆட்சியின் நோக்கம் அவர்கள் தம்மைத் தாமே ஆளும் நிலைக்கு உயர்வதாக இருக்க வேண்டும் என்று 1824-இன் கடைசி நாளில் எழுதிய குறிப்பில் வாதிட்டார். அந்தக் காலத்தில் ஒரு கவர்னர் அப்படி எழுதியது அரிது.

அதே மன்றோ 1822-இல் பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்தார். அந்நியரின் ஆட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் ஒன்றாக இருக்க முடியாது என்றார். அவர் அஞ்சியது சிப்பாய்களை. 1806 வேலூர்க் கிளர்ச்சியின்போது, உடுப்பு, தலைப்பாகை விதிகளே காரணம் என்று கவர்னர் பெண்டிங்கிற்கு எழுதியவர் அவர். சிப்பாயின் மனம் எங்கே புண்படும் என்று அறிந்தவர். சுதந்திரத்தின் எண்ணங்கள் முதலில் படைக்குள் பரவும், அங்கிருந்து ஆட்சி கவிழும் என்பது அவர் கணிப்பு. இரண்டு குறிப்புகளையும் எழுதியவர் ஒரே மனிதர்தான். இந்தியர் வளர வேண்டும், ஆனால் கம்பெனி குறித்த வேகத்தில் வளர வேண்டும்.

கல்வி பற்றிய அவருடைய விசாரணை தமிழர்களுக்கு இன்றும் பயன்படுகிறது. 1822-இல் ஒவ்வொரு கலெக்டரும் தம் மாவட்டத்துப் பள்ளிகள், மாணவர்கள், அவர்களின் சாதி விவரங்களைத் திரட்டி அனுப்ப உத்தரவிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் எனக் கணக்கு வந்தது. 67 பேருக்கு ஒரு மாணவர். வீட்டில் கற்பவர்களையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு கல்வி பெற்றார்கள் என மன்றோ மதிப்பிட்டார். திண்ணைப் பள்ளிகளைக் கவனியாமல் விட்டதும் மக்களின் வறுமையும் கல்வி தேய்ந்ததற்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டார். மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் அரசுப் பள்ளிகள் வைக்க 1826-இல் திட்டமிட்டார். அவருக்குப் பின் ஆதரிப்பார் இல்லாமல் தாலுகாப் பள்ளிகள் பத்தே ஆண்டில் மூடப்பட்டன.

பதவி விலக அனுமதி கேட்டிருந்தவரைப் பர்மியப் போர் தடுத்து நிறுத்தியது. சென்னையிலிருந்து படையும் உணவும் அனுப்பிய உழைப்புக்குப் பேரனெட் பட்டம் வந்தது. 1827-இல் தன் பழைய மாவட்டங்களைக் கடைசியாகப் பார்க்கப் புறப்பட்டார். ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோனது. குத்தி என்ற ஊரில் புதைத்து, பின்னர் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள். தீவுத்திடலருகே அங்கவடி இல்லாத குதிரையில் அமர்ந்திருக்கும் சிலை 1839-இல் நிறுவப்பட்டது.

ராயலசீமையில் அவர் நினைவு வேறுவிதமாக வாழ்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமி அவருக்குக் காட்சி தந்து பேசினார் என்ற ஐதிகம் உண்டு. திருமலைக் கோயிலின் பெரிய பாத்திரத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. இந்த அன்பை யாரும் உத்தரவிட்டு உண்டாக்கவில்லை, அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அன்பைக் கொண்டு வரி முறையை அளக்க முடியாது. பட்டா வைத்திருந்தவரைத்தான் ரயத்துவாரி குடியானவர் என்று கண்டது. செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் சேற்றில் இறங்கிய பறையரும் பள்ளரும் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவர்களில் பலர் அடிமைகளாகவே வைக்கப்பட்டிருந்தனர், அந்த அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு நீங்கியது 1843-இல்தான். பட்டாதாரருக்கும் நிம்மதி இல்லை. வரி பணத்தில் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1820-களிலிருந்து தானிய விலை நெடுங்காலம் சரிந்தது. அதே கிஸ்தியை, அதாவது வரித் தவணையை, கட்டக் கூடுதல் மூட்டைகளை விற்க வேண்டியதாயிற்று. மேலும் பாதுகாக்க ஜமீன்தாரோ பாளையக்காரரோ இல்லாத இடத்தில், தாசில்தாரின் சேவகன் நேரே வாசலுக்கு வந்தான்.

அவன் வந்தபோது என்ன நடந்தது என்பதை 1855-இல் வெளியான சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கிடையே நெரிக்கும் கிட்டி, தலையைக் குனியவைத்துக் கால்விரலோடு கட்டி வெயிலில் நிறுத்துவது, பாக்கி உள்ளவரைச் சோறில்லாமல் அடைப்பது என்று சாட்சியங்கள் குவிந்தன. பல ஊர்களிலிருந்து மக்கள் நடந்து வந்து சொன்னார்கள். வசூலும் போலீசும் ஒரே கையில் இருந்ததுதான் இதற்கு வழி திறந்தது என்பது அப்போதே பேசப்பட்டது. 1816-இல் மன்றோ சேர்த்து வைத்தவற்றைப் பிரிக்கும் வகையில் 1859-இல் சென்னையில் தனிப் போலீஸ் துறை சட்டப்படி அமைந்தது.

சித்திரவதை அறிக்கை வந்த அதே 1855-இல் சென்னை அரசு மாகாணம் முழுவதையும் மறு அளவை செய்யத் தீர்மானித்தது. நில வரி மொத்த விளைச்சலில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அப்போது முன்வைத்தார்கள். 1864-இல் அது செலவு போக மிஞ்சும் நிகர விளைச்சலில் பாதி என்று மாறியது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்று மன்றோ 1807-இல் எழுதிய அறிக்கை அதற்குள் அரை நூற்றாண்டுப் பழசாகியிருந்தது.